பேட் மட்டும் போதுமா? மாதவிடாய் நலம்: வாசகர் கேள்வி-பதில்

மே 28, மாதவிடாய் சுகாதார நாள். 2014 முதல் உலகெங்கும் கடைப்பிடிக்கப்படுகிறது. மாதவிடாய்ச் சுழற்சி சராசரியாக 28 நாள், ரத்தப்போக்கு சுமார் 5 நாள். அதனால் ஐந்தாம் மாதத்தின் 28-ம் தேதியைத் தேர்ந்தெடுத்தார்கள். இதையொட்டி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு மகளிர் நல மருத்துவர், பள்ளிச் சுகாதாரப் பயிற்றுநர், துணி நாப்கின் தையல் பயிற்றுநர் ஆகிய மூவரும் சேர்ந்து பதில் தருகிறார்கள். நாப்கினை இலவசமாகக் கொடுத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்ற எண்ணம் பல கடிதங்களில் தெரிகிறது. மாற்ற இடம், கழுவத் தண்ணீர், போட ஒரு கூடை, கேட்க ஒரு ஆள் – இவையும் சேர்ந்தால்தான் அந்த நாப்கினால் பயன் உண்டு. பதில்களைப் படிக்கும்போது இது புரியும்.

மகளுக்கு 9 வயதாகிறது. இப்போதே சொன்னால் பயந்துவிடுவாளோ என்று தயக்கம். எப்போது, எப்படிச் சொல்வது? – ஒரு தாய்

சொல்லாமல் விட்டால்தான் பயப்படுவாள். உள்ளாடையில் ரத்தத்தைப் பார்த்துவிட்டு ஏதோ காயம், ஏதோ நோய் என்று நினைத்துக்கொண்டு யாரிடமும் சொல்லாமல் இருக்கும் பிள்ளைகள் உண்டு. 8, 9 வயதுதான் சரியான நேரம். மார்பு லேசாக முளைவிடத் தொடங்கியதிலிருந்து ஏறக்குறைய 2 முதல் 2½ ஆண்டுகளில் முதல் மாதவிடாய் வரும். அதற்கு 6 முதல் 12 மாதம் முன்பே வெள்ளைப்படுதல் தொடங்கும். இந்த இரண்டு அறிகுறிகளையும் அவளுக்கே சொல்லிவைத்தால் தானாகக் கவனித்துக்கொள்வாள்.

ஒரே நாளில் உட்காரவைத்துப் பாடம் நடத்த வேண்டாம். ஐந்து நிமிடப் பேச்சு, பல தடவை. கருமுட்டை, கர்ப்பப்பைச் சுவர் எல்லாம் மெதுவாக வரட்டும். பிள்ளைக்கு முதலில் தெரிய வேண்டியவை வேறு: முதல் தடவை சிவப்பாக இல்லாமல் பழுப்பு நிறக் கறையாகவே வரலாம், மொத்தமாகப் போகும் ரத்தம் சராசரியாக 30 முதல் 40 மி.லி., அதாவது இரண்டு மூன்று மேசைக்கரண்டிதான். அது சில நாட்களில் தானாக நிற்கும். சிறுநீரைப் போல அடக்கிவைக்க முடியாது. கடைசியாகச் சொன்னது பெரியவர்களுக்கு அற்பமாகத் தோன்றும். ஆனால் 'அடக்கிக்கொள்ளக்கூடாதா?' என்று கேட்கிற பையன்களும் பெண்களும் ஏராளம்.

பிறகு ஒரு பேடைக் கையில் கொடுத்துப் பிரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். உள்ளாடையில் ஒட்டி, விங்ஸை (பக்கச் சிறகுகளை) மடித்து, எடுத்து, சுருட்டி, காகிதத்தில் பொதிந்து பழகட்டும். புத்தகப்பையில் ஒரு சிறு பை: இரண்டு பேட், ஒரு மாற்று உள்ளாடை, ஈரமானதை வைக்க ஜிப் வைத்த உறை, ஒரு கைக்குட்டை. பள்ளியில் யாரிடம் போய்ச் சொல்ல வேண்டும் என்று ஒரு பெயர் அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அப்பாவுக்கும் இதெல்லாம் தெரியும் என்பதை அவளிடம் சொல்லிவிடுங்கள். நீங்கள் வீட்டில் இல்லாத நாளில்கூட அது வரலாம்.

13 வயதுவரை மார்பு வளர்ச்சியே இல்லை, 15 வயதாகியும் மாதவிடாய் வரவில்லை, அல்லது 8 வயதுக்கு முன்பே பருவ மாற்றங்கள் தொடங்கிவிட்டன என்றால் மருத்துவரைப் பாருங்கள்.

எங்கள் பள்ளியில் மாதவிடாய் வரும் வயது மாணவிகள் 200 பேர். ஒரு நன்கொடையாளர் இலவச நாப்கின் தர முன்வந்திருக்கிறார். மாதம் எத்தனை கேட்பது? – ஒரு தலைமையாசிரியர்

முதலில் கணக்கு. சுழற்சி 28 நாள், போக்கு 5 நாள் என்று வைத்தால், எந்த ஒரு நாளை எடுத்தாலும் 200 × 5 ÷ 28, அதாவது சுமார் 36 மாணவிகள் மாதவிடாயில் இருப்பார்கள். வீட்டிலிருந்து கிளம்பித் திரும்பும்வரை 8 மணி நேரம் ஆகிறது என்றால் ஒருவர் ஒரு தடவையாவது மாற்ற வேண்டும், அதிகப் போக்குள்ள நாளில் இரண்டு தடவை. ஆக நாளொன்றுக்கு 36 முதல் 72. மாதம் 22 பள்ளி நாட்களுக்குச் சுமார் 800 முதல் 1,600. இது பள்ளி நேரத்துக்கு மட்டும். வீட்டுத் தேவைக்கும் சேர்த்துக் கொடுப்பதானால் ஒருவருக்கு 5 நாள் × 4 = 20 பேட், 200 பேருக்கு 4,000.

பேரிடர் நிவாரண முகாம்களுக்கு ஸ்ஃபியர் என்ற சர்வதேசக் கையேடு சொல்லும் குறைந்தபட்ச அளவு ஒருவருக்கு மாதம் 15 பேட் (அல்லது ஆண்டுக்கு 6 துணி பேட்), ஆண்டுக்கு 6 உள்ளாடை, மாதம் கூடுதலாக 250 கிராம் சோப்பு. இந்தப் பட்டியலில் உள்ளாடையும் சோப்பும் இருப்பதைப் பாருங்கள். நன்கொடையாளர்கள் மறப்பது இவற்றைத்தான். தளர்ந்துபோன உள்ளாடையில் எவ்வளவு நல்ல பேடும் நகர்ந்து கசியும். எனவே நாப்கினில் கொஞ்சம் குறைத்துக்கொண்டு, மூன்று அளவுகளில் உள்ளாடையும் கேளுங்கள்.

அடுத்தது வைக்கும் இடம். அலுவலக அறைப் பீரோவில் பூட்டி, கையெழுத்து வாங்கிக் கொடுத்தால் பெட்டி நிறைந்தபடியே இருக்கும். 'தேவையில்லை போலிருக்கிறது' என்று அடுத்த ஆண்டு நிறுத்திவிடுவார்கள். தேவை இருந்தது, பதிவேட்டில் பெயர் எழுதத்தான் மாணவிகள் கூசினார்கள். கழிப்பறை வளாகத்திலேயே திறந்த தட்டில் வையுங்கள். முதல் இரண்டு வாரம் வேகமாகக் காலியாகும், பதறாதீர்கள். நாளையும் இருக்கும் என்ற நம்பிக்கை வந்ததும் எடுப்பது சீராகிவிடும். நாணயம் போடும் இயந்திரம் வாங்குவதாக இருந்தால், அது பழுதாகும்போது திறக்கச் சாவி யாரிடம் என்பதையும் அன்றே முடிவு செய்யுங்கள். ஈரச் சுவரை ஒட்டி அட்டைப்பெட்டிகளை அடுக்க வேண்டாம். பேட் காற்றின் ஈரத்தையும் உறிஞ்சும்.

இனி கழிப்பறை. பள்ளிகளுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு 25 மாணவிகளுக்கு ஒன்று. 200 பேருக்கு 8. எண்ணிக்கை சரியாக இருந்தாலும் உள்ளே போய்க் கதவைச் சாத்திப் பாருங்கள். தாழ்ப்பாள் உள்பக்கம் விழுகிறதா? கதவின் கீழ் இடைவெளி வழியாகப் பார்க்க முடியுமா? குழாய் அறைக்கு உள்ளேயா, வெளியேயா? வெளியே என்றால் ரத்தம் பட்ட கையோடு எல்லோர் முன்னாலும் நடந்துவர வேண்டும். பையை மாட்ட ஒரு கொக்கி, புதுப் பேடை வைக்க ஒரு சிறு பலகை, மூடியுள்ள கூடை, பாவாடையின் பின்பக்கம் தெரியும் உயரத்தில் ஒரு கண்ணாடி. இவற்றுக்கு ஆகும் செலவு இரண்டு மாத நாப்கின் செலவைவிடக் குறைவாகத்தான் இருக்கும். கூடையைத் தினமும் காலி செய்யும் பணியாளருக்குத் தடித்த கையுறையும் அதற்கான நேரமும் கொடுத்திருக்கிறீர்களா என்பதும் இதில் சேரும். முதல் இரண்டு மாதப் பணத்தில் இதை முடித்துவிட்டு மூன்றாம் மாதம் முதல் நாப்கின் வாங்குங்கள் என்பதே எங்கள் யோசனை.

மாதவிடாய் வகுப்பின்போது மாணவர்களை வெளியே அனுப்பலாமா? – ஓர் ஆசிரியை

வேண்டாம். வெளியே அனுப்பப்பட்ட பையன் சன்னல் வழியாகக் கேட்டதைப் பாதியாகப் புரிந்துகொண்டு கேலிப்பேச்சாக மாற்றுவான். பாடம் இருவருக்கும் ஒன்றாக, பிறகு கேள்வி நேரம் தனித்தனியாக என்று வையுங்கள்.

கேள்விப் பெட்டி வைத்தால் ஒரு சிறு ஏற்பாடு தேவை. விருப்பமுள்ளவர்கள் எழுதிப் போடுங்கள் என்றால் எழுதுகிறவர் யார் என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். எல்லோருக்கும் ஒரே அளவுத் தாள் கொடுத்து, கேள்வி இல்லாதவர் 'கேள்வி இல்லை' என்று எழுதிப் போட வேண்டும் என்று சொல்லுங்கள். பேனா எல்லோர் கையிலும் அசையும். பதில்களை அன்றே சொல்லாமல் அடுத்த வகுப்பில் சொன்னால் தயாரித்துக்கொள்ள உங்களுக்கும் நேரம் கிடைக்கும்.

செய்முறை ஒன்று: விளம்பரங்களில் நீலத் தண்ணீரை ஊற்றிக் காட்டுவார்கள். பேடின் உள்ளே இருக்கும் சோடியம் பாலிஅக்ரிலேட் தூள் வெறும் தண்ணீரை ஏராளமாக உறிஞ்சும். உப்பு கலந்த திரவத்தை அதைவிட மிகக் குறைவாகத்தான் உறிஞ்சும். ரத்தத்தில் உப்பு உண்டு. ஒரு லிட்டர் தண்ணீரில் 9 கிராம் உப்பைக் கரைத்து, வெறும் தண்ணீரை ஒரு பேடிலும் உப்புத் தண்ணீரை இன்னொன்றிலும் 5 மி.லி. கரண்டியால் எண்ணி எண்ணி ஊற்றட்டும். ஒவ்வொரு கரண்டிக்கும் இடையே ஒரு நிமிடம். மேலே டிஷ்யூ தாளை அழுத்தினால் எப்போது ஈரம் ஒட்டுகிறது என்று மாணவர்களே குறித்துக்கொள்வார்கள். விளம்பரத்தைச் சந்தேகிக்கவும் இது கற்றுக்கொடுக்கும்.

மகளிர் குழுவாகத் துணி நாப்கின் தைக்கிறோம். 'கசிகிறது', 'காயவே மாட்டேன் என்கிறது' என்று இரண்டு புகார்கள் வருகின்றன. – ஒரு குழுத் தலைவி

இரண்டுக்கும் காரணம் பெரும்பாலும் தையலில்தான் இருக்கும்.

காயாததற்குக் காரணம், ஆறு ஏழு அடுக்குகளை ஒன்றாகச் சேர்த்துத் தைத்துவிடுவது. வெளி அடுக்கு காய்ந்தாலும் நடு அடுக்கு ஈரமாகவே இருக்கும். அடியுறையையும் (உள்ளாடையில் மாட்டும் நீர்புகா உறை) உறிஞ்சு துணியையும் தனித்தனியாகச் செய்யுங்கள். உறிஞ்சு துணிக்கு 24 × 21 செ.மீ. அளவில் இரண்டு பருத்தி ஃபிளானல் துண்டுகளை விளிம்பில் மட்டும் சேர்த்துத் தையுங்கள். மூன்றாக மடித்தால் 24 × 7 செ.மீ., ஆறு அடுக்கு. விரித்துக் கொடியில் போட்டால் காய வேண்டியது இரண்டே அடுக்கு. இரவுக்கு நீளம் 30 செ.மீ.

கசிவுக்கு நான்கு இடங்களைப் பாருங்கள். ஒன்று, புதுத் துணியிலிருக்கும் கஞ்சி. வெட்டுவதற்கு முன் துணியைச் சோப்புப் போட்டு இரண்டு மூன்று முறை துவைத்துக் காயவைக்க வேண்டும். கஞ்சி போனால்தான் உறிஞ்சும்; சுருங்க வேண்டியதும் அப்போதே சுருங்கிவிடும். இரண்டு, அடியுறையின் நீர்புகாத் துணி நடுவே ஓடும் தையல். ஊசி போன ஒவ்வொரு துளையும் ஒரு கசிவு; நூலே திரியாக வேலை செய்து ஈரத்தை வெளியே இழுக்கும். தையல் ஓரத்தில் மட்டும் இருக்கட்டும். குண்டூசிக்குப் பதிலாகக் கிளிப் போடுங்கள். மூன்று, நடு அகலம். 6½ முதல் 7 செ.மீ. போதும். 9 செ.மீ. வைத்தால் தொடை இடுக்கில் மடங்கி, மடிந்த வாய்க்கால் வழியாக ஓரத்துக்கு ஓடிவிடும். நான்கு, டிச் பட்டன். விங்ஸில் ஒரே இடத்தில் வைக்காமல் இரண்டு நிலைகளில் வைத்தால் உள்ளாடையின் அகலத்துக்கு ஏற்ப இறுக்கிக்கொள்ளலாம்.

விற்கும்போது துவைக்கும் முறையையும் சொல்லிக் கொடுங்கள். முதலில் குளிர்ந்த நீர். வெந்நீர் பட்டால் ரத்தத்தின் புரதம் நூலில் உறைந்து கறை நிலைத்துவிடும். 20, 30 நிமிடம் ஊறினால் போதும். நாள்கணக்கில் ஊறவைத்தால் அந்தத் தண்ணீரே கிருமிக் குளமாகிவிடும். பிறகு சோப்பு, நுரை போகும்வரை அலசல், நேரடி வெயில். துணி மென்மையாக்கும் திரவம் கூடாது. அது நூலின் மேல் மெழுகுபோல் படிந்து உறிஞ்சவிடாது. வெயில் இல்லாவிட்டால் பருத்தித் துண்டை மட்டும் இஸ்திரி போடலாம். அடியுறையை வேண்டாம், அதன் பூச்சு உருகும்.

ஒரு நாளைக்கு 4 மாற்று, காய ஒரு முழு நாள் என்றால் ஒருவருக்குக் குறைந்தது 8 உறிஞ்சு துணிகளும் 3 அடியுறைகளும் வேண்டும். மூன்று துணிகள் மட்டும் வைத்து விற்கும் பாக்கெட் வாங்குபவரை ஈரத் துணி கட்ட வைக்கும். அந்தப் பாக்கெட்டை நிறுத்திவிடுங்கள். மறைவாகக் காயப்போட வேண்டிய சூழல் உள்ளவர்கள் மேலே மெல்லிய பருத்தித் துணியைப் போர்த்தலாம். கட்டிலுக்கு அடியில், மூடிய அலமாரிக்குள் காயப்போட்டால் ஈரம் தங்கும்.

எனக்கு 14 வயது. சில சமயம் 40 நாள் கழித்துத்தான் வருகிறது. ஸ்கேனில் 'நீர்க்கட்டி' என்று சொன்னார்கள். பயமாக இருக்கிறது. – ஒரு மாணவி

பயப்படாதே. மாதவிடாய் தொடங்கிய முதல் இரண்டு மூன்று ஆண்டுகளில் 21 முதல் 45 நாள்வரை இடைவெளி இயல்பு. மூளைக்கும் சினைப்பைக்கும் இடையே உள்ள ஹார்மோன் ஒழுங்கு இன்னும் அமையவில்லை, எல்லா மாதமும் கருமுட்டை வெளிவருவதில்லை, அவ்வளவுதான். உன் வயதில் சினைப்பையில் சிறு சிறு நீர்க்குமிழிகள் நிறையத் தெரிவதும் இயல்பு. அதனால்தான் முதல் மாதவிடாயிலிருந்து 8 ஆண்டுகள் முடியும்வரை பிசிஓஎஸ் (சினைப்பை நீர்க்கட்டிக் கோளாறு) இருக்கிறதா என்று பார்க்க ஸ்கேனை நம்பக்கூடாது என்று 2023-ல் வந்த சர்வதேச வழிகாட்டுதல் சொல்கிறது.

முகத்தில் தடித்த முடி, கடுமையான பருக்கள் இருந்தாலோ, ஒரு தடவையாவது 90 நாளுக்கு மேல் இடைவெளி விழுந்தாலோ அம்மாவுடன் போய் மகளிர் நல மருத்துவரைப் பார். அதுவரை நாட்காட்டியில் ரத்தம் வந்த முதல் நாளை வட்டமிட்டு வா. அடுத்த முதல் நாளுக்கு முந்தைய நாள்வரை எண்ணுவதுதான் உன் சுழற்சி. ரத்தம் நின்ற நாளிலிருந்து எண்ணுவது தவறு.

முதல் இரண்டு நாள் வலியில் சுருண்டுவிடுகிறேன். மாத்திரை போட்டால் பழகிவிடும் என்கிறார்கள். உண்மையா? – கல்லூரி மாணவி

இல்லை. மாதத்தில் இரண்டு மூன்று நாள் போடும் இந்த மாத்திரைகள் பழக்கமாவதில்லை, கர்ப்பப்பையையும் கெடுப்பதில்லை. கர்ப்பப்பைச் சுவர் உதிரும்போது புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் சுரந்து தசையை இறுக்குகிறது. வலி, குமட்டல், பேதி எல்லாம் அதன் வேலை. ஐபுப்ரோஃபன், மெஃபினமிக் ஆசிட் போன்றவை அது உற்பத்தியாவதையே தடுக்கின்றன. அதனால் போடும் நேரம் முக்கியம். வலி உச்சத்துக்குப் போன பிறகு போட்டு, 'எனக்குக் கேட்கவில்லை' என்று கைவிடுகிறவர்கள் அதிகம். லேசாக இழுக்கத் தொடங்கும்போதே, அல்லது ரத்தம் பட்டவுடன், சாப்பிட்டபின் ஐபுப்ரோஃபன் 400 மி.கி.; பிறகு 8 மணி நேரத்துக்கு ஒன்று, முதல் இரண்டு நாள் விடாமல். மருத்துவர் சொல்லாமல் நாளொன்றுக்கு 1,200 மி.கி. தாண்டக் கூடாது. வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, ரத்தம் உறைவதில் கோளாறு, வலி மாத்திரையால் தூண்டப்படும் ஆஸ்துமா உள்ளவர்களும், கர்ப்பமாக இருக்க வாய்ப்புள்ளவர்களும், டெங்கு சந்தேகமுள்ள காய்ச்சலில் இருப்பவர்களும் இதைத் தொடக் கூடாது. அடிவயிற்றில் வெந்நீர்ப் பை வைப்பதும் உண்மையிலேயே உதவும். துணி சுற்றி வையுங்கள், தோல் சிவக்கும் சூடு வேண்டாம்.

இப்படி முறையாகப் போட்டும் மூன்று மாதமாக வலி அடங்கவில்லை, மாதவிடாய் இல்லாத நாளிலும் இடுப்பு வலி, மலம் கழிக்கும்போதோ உடலுறவின்போதோ வலி என்றால் எண்டோமெட்ரியோசிஸாக (கர்ப்பப்பை உட்சுவரைப் போன்ற திசு கர்ப்பப்பைக்கு வெளியே வளர்வது) இருக்கலாம். இனப்பெருக்க வயதிலுள்ள பெண்களில் சுமார் 10 சதவீதத்தினருக்கு இது உண்டு. 'கல்யாணமானால் சரியாகிவிடும்' என்று யாராவது சொன்னால் வேறு மருத்துவரைப் பாருங்கள்.

எது அதிக ரத்தப்போக்கு என்று எப்படித் தெரிந்துகொள்வது? – இல்லத்தரசி

80 மி.லி.க்கு மேல் என்பது பழைய வரையறை. வீட்டில் யாரும் அளக்க முடியாது. அதற்குப் பதிலாக மதிப்பெண் போடலாம். லேசாகக் கறைபட்ட பேடுக்கு 1, பாதி நனைந்ததற்கு 5, முழுதும் ஊறியதற்கு 20. சிறு ரத்தக்கட்டிக்கு 1, பெரிய ரத்தக்கட்டிக்கு 5. ஒரு மாதவிடாய் முழுவதும் கூட்டி 100-ஐத் தாண்டினால் அதிகம்தான். மதிப்பெண் போடப் பொறுமையில்லையா? ஒரு மணி அல்லது இரண்டு மணி நேரத்துக்கு ஒரு பேட் ஊறுவது, 2½ செ.மீ.க்குப் பெரிய கட்டிகள், 8 நாளுக்கு மேல் நீடிப்பது, இரவில் மாற்றுவதற்காகவே எழுவது – இதில் ஒன்று இருந்தாலும் மருத்துவரிடம் போங்கள். மணிக்கு ஒன்று வீதம் தொடர்ந்து ஊறி, தலைசுற்றலும் இருந்தால் அன்றே.

பரிசோதனையில் ஹீமோகுளோபினோடு ஃபெரிட்டினும் பார்க்கச் சொல்லுங்கள். ஹீமோகுளோபின் 12-க்கு மேல் இருந்தாலும் உடலின் இரும்புச் சேமிப்பு காலியாகியிருக்கலாம். ஃபெரிட்டின் 15-க்குக் கீழே என்றால் அதுதான் நிலை. களைப்பு, முடி உதிர்தல் எல்லாம் அப்போதே தொடங்கிவிடும். இரும்புச்சத்து மாத்திரையைத் தேநீர், காபி, பால், கால்சியம் மாத்திரை ஆகியவற்றோடு சேர்க்காமல் இரண்டு மணி நேரம் தள்ளிப் போடுங்கள். மலம் கறுப்பது இயல்பு. ஹீமோகுளோபின் ஏறியதும் நிறுத்திவிடுவது பலரும் செய்வது; சேமிப்பு நிரம்ப அதற்குப் பிறகும் சுமார் 3 மாதம் தொடர வேண்டும்.

முதல் மாதவிடாயிலிருந்தே அதிகப் போக்கு, கூடவே அடிக்கடி மூக்கில் ரத்தம், பல் எடுத்தபின் ரத்தம் நிற்காமை இருந்தால் ரத்தம் உறைவதில் குறை உண்டா என்றும் பார்க்க வேண்டும்.

மென்ஸ்ட்ருவல் கப் (பிறப்புறுப்புக்குள் வைத்து ரத்தத்தைச் சேகரிக்கும் சிறு கிண்ணம்) வாங்கினேன். கசிகிறது; ஒருநாள் எடுக்கவே முடியவில்லை. – பணிபுரியும் பெண்

உள்ளே போய்த் தொலைந்துவிடாது. மேலே கர்ப்பப்பை வாய் அடைத்துக்கொண்டிருக்கிறது. எடுக்க முடியாதபோது பதற்றத்தில் தசை இறுகும், இன்னும் மேலே ஏறும். சற்று நேரம் நடந்துவிட்டுக் குத்துக்காலிட்டு உட்காருங்கள். மலம் கழிப்பதுபோல் மெதுவாக முக்கினால் கீழே இறங்கும். காம்பைப் பிடித்து இழுக்காதீர்கள். அடிப்பகுதியைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் அமுக்கினால் காற்று உள்ளே போகும், உறிஞ்சுபிடி விடும். பிறகு பக்கவாட்டில் ஆட்டி எடுக்கலாம்.

கசிவுக்கு முதல் காரணம் உள்ளே முழுதாக விரியாதது. போட்டபின் அடிப்பாகத்தைச் சுற்றி விரலால் தடவுங்கள். மடிப்பு தட்டுப்பட்டால் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றுங்கள். விளிம்புக்குக் கீழே உள்ள நுண்துளைகள் அடைத்திருந்தாலும் கசியும். தண்ணீர் நிரப்பி உள்ளங்கையால் மூடி அழுத்தினால் துளை வழியே பீய்ச்சி, அழுக்கு வெளியேறும். கை பழக இரண்டு மூன்று மாதம் பிடிக்கும். அதுவரை ஒரு மெல்லிய பேடும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு மாதமும் தொடங்கும் முன் 5 நிமிடம் கொதிக்கவைக்க வேண்டும், பாத்திரத்தின் அடியில் ஒட்டாமல். நடுவில் கழுவத் தண்ணீரும் வாசனையில்லாத சோப்பும் போதும். 12 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. உறையில் அதைவிடக் குறைவாகப் போட்டிருந்தால் அதன்படி. காப்பர்-டி போட்டிருப்பவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டுத்தான் தொடங்க வேண்டும், கப்போடு அதுவும் வெளியே வந்துவிடலாம். பிரசவத்துக்குப் பின் 6 வாரம்வரை கப்பும் டாம்பூனும் (உள்ளே வைக்கும் பஞ்சுச் சுருள்) வேண்டாம்.

பள்ளிக் கழிப்பறையில் சிறு எரிப்பான் பொருத்தினோம். ஒரே புகை. – பெற்றோர் ஆசிரியர் சங்க உறுப்பினர்

சாதாரண பேடின் மேல்விரிப்பும் அடித்தாளும் பிளாஸ்டிக். முழுதாக எரிய 800 டிகிரி செல்சியஸுக்கு மேல் வெப்பம் வேண்டும். குறைந்த வெப்பத்தில் புகைந்தால் டையாக்சின் போன்ற நச்சுகள் வெளிவரலாம், அதுவும் மாணவிகள் மூச்சுவிடும் இடத்திலேயே. கறுப்புப் புகை, பிளாஸ்டிக் வாடை, சாம்பலுக்குப் பதில் உருகிய கட்டி – மூன்றில் ஒன்று இருந்தாலும் அந்த இயந்திரத்தை நிறுத்திவிடுங்கள். கொள்ளளவையும் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு தடவைக்கு 5 பேட், அரை மணி நேரம் என்றால், நாளைக்கு 70 பேட் எரிக்க 7 மணி நேரம் ஓட வேண்டும். ஓடாது. அதனால் திணிப்பார்கள், புகையும். மூடியுள்ள கூடை, உள்ளே உறை, தினசரி அகற்றல், நகரின் முறையான கழிவு ஏற்பாட்டில் ஒப்படைத்தல் – இதுவே மேல். கழிப்பறைக் கோப்பைக்குள் போட்டால் உறிஞ்சு தூள் உப்பிக் குழாயை அடைக்கும்.

தேர்வுக்காக மாதவிடாயைத் தள்ளிப்போட மாத்திரை கொடுக்கலாமா? – ஒரு தந்தை

எப்போதாவது ஒருமுறை, மருத்துவர் எழுதிக்கொடுத்தால் சரி. வழக்கமாகத் தருவது நோரெதிஸ்டிரோன் என்ற ஹார்மோன் மாத்திரை 5 மி.கி., நாளைக்கு மூன்று, எதிர்பார்க்கும் தேதிக்கு 3 நாள் முன்பிருந்து. நிறுத்திய இரண்டு மூன்று நாளில் வந்துவிடும். முந்தைய நாள் தொடங்கினால் பலிக்காது. மகளுக்கோ நெருங்கிய உறவினருக்கோ ரத்தக்குழாயில் ரத்தக்கட்டி வந்திருந்தால் மருத்துவரிடம் அவசியம் சொல்லுங்கள். வலியும் கறை பற்றிய பயமும்தான் காரணம் என்றால், மேலே சொன்ன வலி மாத்திரையும் தேர்வுக்கு நடுவே கழிப்பறை போக அனுமதியும் போதுமே. பள்ளியில் கேட்டுப் பாருங்கள்.

பேட் வைத்தால் தொடையில் புண். பிறப்புறுப்புக் கழுவும் திரவம் வாங்கலாமா? – ஒரு வாசகி

திரவம் வேண்டாம். பிறப்புறுப்பின் உள்ளே இருக்கும் நல்ல பாக்டீரியாக்கள் அங்கே அமிலத்தன்மையைக் காக்கின்றன, பி.எச். 3.8 முதல் 4.5. வாசனைத் திரவம் அதைக் குலைக்கும். வெளிப்பக்கம் மட்டும் தண்ணீரால், முன்னிருந்து பின்னாக. புண்ணுக்குக் காரணம் ஈரமும் உராய்வும். போக்கு குறைவாக இருந்தாலும் 4 முதல் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள், வாசனை பேடை விடுங்கள், தொடை இடுக்கில் மெல்லியதாகப் பெட்ரோலியம் ஜெல்லி தடவுங்கள். திரிதிரியாக வெள்ளைப்பட்டு அரித்தாலோ, மீன்வாடை வந்தாலோ அது தொற்று. தானாக மருந்து வாங்காதீர்கள்.

என் மகள் அறிவுத்திறன் குறைபாடு உள்ளவள். 'கர்ப்பப்பையை எடுத்துவிடுங்கள்' என்று சிலர் சொல்கிறார்கள். – ஒரு தாய்

மாதவிடாயைச் சமாளிக்க முடியாது என்ற ஒரே காரணத்துக்காக அந்த அறுவை சிகிச்சை வேண்டாம். அது பாலியல் வன்முறையிலிருந்தும் காப்பாற்றாது. வன்முறை நடந்தாலும் கர்ப்பம் ஆகாது என்பதால் வெளியே தெரியாமல் போகும். போக்கைக் குறைக்க, நிறுத்தினால் பழைய நிலைக்குத் திரும்பக்கூடிய ஹார்மோன் வழிகள் உண்டு, மருத்துவரிடம் கேளுங்கள்.

பெரும்பாலான பிள்ளைகள் பழக்கினால் கற்றுக்கொள்கிறார்கள். முதல் மாதவிடாய்க்கு முன்பே தொடங்குங்கள். பேட் ஒட்ட வேண்டிய இடத்தை உள்ளாடையிலேயே வண்ண நூலால் கோடிட்டுத் தையுங்கள். கழற்று, சுருட்டு, கூடையில் போடு, புதியதை ஒட்டு, உடுத்து, கை கழுவு – ஆறு படங்களாகக் கழிப்பறைச் சுவரில் ஒட்டுங்கள். மாற்றும் நேரத்தை அன்றாட வேலைகளோடு கட்டிவிடுங்கள்: எழுந்ததும், மதியச் சாப்பாட்டுக்கு முன், மாலை, படுக்கும் முன். பேடின் ஒட்டல் அவளுக்குப் பிடிக்காவிட்டால் உறிஞ்சும் உள்ளாடை கொடுத்துப் பாருங்கள். யார் உதவலாம், யார் தொடக்கூடாது என்பதையும் அதே பாடத்தில் சொல்லுங்கள். பார்வையற்ற பிள்ளைகளுக்கும் கடிகாரக் கணக்கே நல்லது. பேடின் முன்பின் பக்கத்தை விங்ஸ் இருக்கும் இடத்தை வைத்துத் தடவி அறியலாம்.

வரியை நீக்கினால் எல்லோருக்கும் கிடைத்துவிடாதா? – ஒரு வாசகர்

கென்யா 2004-லேயே நாப்கின் மீதான மதிப்புக்கூட்டு வரியை நீக்கியது. ஏற்கெனவே வாங்கிக்கொண்டிருந்தவர்களுக்கு அது உதவும், விலைக் குறைப்பைக் கடைக்காரர் வாங்குபவருக்குத் தந்தால். வாங்கவே முடியாதவருக்கு வரி இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான். ஸ்காட்லாந்து வேறு வழியில் போனது. தேவைப்படுகிற எவருக்கும் இலவசமாகக் கிடைக்க ஏற்பாடு செய்யும் பொறுப்பை உள்ளாட்சிகள், கல்வி நிலையங்கள் மீது சட்டமாகவே வைத்தது. 2022 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தது. பெயர் கேட்காமல் கொடுப்பதே அதில் நமக்குப் பிடித்த அம்சம்.

மாதவிடாய் நின்று மூன்று ஆண்டு. சென்ற வாரம் லேசாகக் கறை பட்டது. கூச்சமாக இருக்கிறது. – 55 வயது வாசகி

12 மாதம் தொடர்ந்து நின்றபிறகு ஒரு சொட்டு வந்தாலும் காட்ட வேண்டும், இந்த வாரமே. பெரும்பாலும் பிறப்புறுப்புச் சுவர் மெலிந்து உலர்ந்ததாலோ சிறு சதைவளர்ச்சியாலோ இருக்கும். ஆனால் இப்படி வருபவர்களில் ஏறக்குறைய 10-ல் ஒருவருக்குக் கர்ப்பப்பை உட்சுவர்ப் புற்றுநோய் இருக்கிறது, அதுவும் பெரும்பாலும் குணப்படுத்தக்கூடிய ஆரம்ப நிலையில். பிறப்புறுப்பு வழியாக எடுக்கும் ஸ்கேனில் உட்சுவரின் தடிமனைப் பார்ப்பார்கள், 4 மி.மீ.க்கு மேல் இருந்தால் சிறு திசு எடுத்துச் சோதிப்பார்கள். போகும்போது நீங்கள் போட்டுவரும் மாத்திரைகளின் சீட்டு, கடைசி மாதவிடாய் வந்த மாதம், கறை பட்ட தேதி மூன்றையும் எழுதி எடுத்துச் செல்லுங்கள்.